புது எண்ணெயும் இரண்டாவது தாழ்ப்பாளும்

எஞ்சினுக்குப் புது எண்ணெய் ஊற்றினால் வண்டி மிருதுவாக ஓடும் என்று நான் சொன்னேன். அதெல்லாம் மனப்பிரமை என்றார் என் கணவர். இந்த மாதிரிப் பேச்சு எங்கள் வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். இந்த முறை நான் விடுவதாக இல்லை. ஏனென்றால் அது என் வண்டி.

என் வண்டி என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். வரட்டுமே. கிள்ளானை அடுத்த மேருவில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலை எங்கள் பிரிவை இழுத்து மூடியபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. இனி வீட்டில் ஓய்வாக இரு, சீரியல் பார் என்று ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். நான் யாரையும் கேட்காமல் ஒரு பழைய காரை என் பெயரில் வாங்கி, அதற்கென்று இருக்கும் லைசென்ஸையும் எடுத்து, கைப்பேசியில் அழைப்பு வந்தால் ஆளை ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன். பண்டமாரானில் எங்கள் வீட்டிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பினால், கிள்ளான், பூச்சோங், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். இப்போது வண்டிக்கு ஒன்பது வயது. பத்து வயது தாண்டிய வண்டியை இந்த வேலைக்கு விடமாட்டார்கள், அதனால் இன்னும் ஒரு வருடம்தான் அதை ஓட்டலாம். அந்த ஒரு வருடம் எனக்கு முழுசாக வேண்டும். அதற்குள் எஞ்சின் படுத்துவிட்டால், திரும்பவும் சோபாவும் சீரியலும்தான்.

என் கணவர் மெக்கானிக். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் பெட்டி இழுக்கும் பெரிய லோரிகள் நிற்கிற யார்டில் முப்பது வருடமாக இருக்கிறார். லோரி வாசலில் நுழையும்போதே சத்தத்தை வைத்து, இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று அங்கே அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்கும் பெருமைதான். அதனால்தான் என் வண்டி விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் எனக்கு அவ்வளவு ஆத்திரமாக இருந்தது.

விஷயம் இதுதான். மூன்று மாதமாக, காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேல்பக்கம் ஒரு சத்தம் வந்தது. டிக், டிக், டிக் என்று, பேனா மூடியால் மேசையைத் தட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அப்புறம் நாள் முழுக்க வராது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி அந்த நேரத்தில்தான் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். "கிரேத்தா லு பூஞி லா," என்பாள் பாசார் மலாயில், அதாவது கொச்சை மலாய் மொழியில். உன் கார் சத்தம் போடுகிறதே என்று அர்த்தம். எனக்கு அது தெரியாதா? தெரிய வேண்டியவர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, காலையில எஞ்சின்ல டிக் டிக்னு சத்தம் வருது. மேல தொறந்துதான் பாருங்களேன்."

"நேத்து நான்தானே ஓட்டுனேன்? ஒரு சத்தமும் இல்ல."

"காலையிலதாங்க வருது. சூடாயிட்டா நின்னுடுது."

ஒருநாள் என் தொல்லை தாங்காமல், தலையில் சொட்டும் தண்ணீரோடு வாசலுக்கு வந்தார். நான் ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் என்றது. "ஒண்ணும் இல்லியே லா," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஊரான் லோரிக்கெல்லாம் ராத்திரி பகல் பார்க்காமல் கை வைக்கிறவருக்குப் பெண்டாட்டி வண்டி என்றால் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வேலையிலும் ஆள் அப்படித்தான். குக்கரில் பருப்பை வைத்து, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணையுங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவேன். வந்து பார்த்தால் பருப்பு அடிப்பிடித்திருக்கும். இவர் அதே சமையலறையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கேட்டால், விசிலே வரவில்லை என்பார். இப்படி ஒரு மனிதரோடு நான் காலம் தள்ளுகிறேன்.

எண்ணெய்ப் பேச்சு வந்தது அப்படித்தான். போன முறை எண்ணெய் மாற்றிய அன்று சத்தம் வந்த வேகத்தில் நின்றுவிட்டது, வண்டி வெண்ணெயில் போகிற மாதிரி போனது, அதனால் மறுபடியும் மாற்றுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"சர்வீஸ் பண்ணிட்டுப் போற ஒவ்வொருத்தனும் இதத்தான் சொல்றான். காசு கொடுத்தாச்சுல்ல, அதான் ஸ்மூத்தா இருக்கு. மினியாக் ஹீத்தாம் ஊத்தறது எஞ்சின் தேயாம இருக்கறதுக்கு. ஓட்டறவங்களுக்கு சொகமா இருக்கறதுக்கு இல்ல."

மினியாக் ஹீத்தாம் என்றால் கறுப்பெண்ணெய். ஊற்றும்போது தேன் நிறத்தில் இருக்கிற ஒன்றுக்கு இந்த நாட்டில் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அது. எஞ்சினுக்குள் ஓடி ஓடித்தான் கறுக்கும்.

"எனக்கு வித்தியாசம் தெரியும்ங்க," என்றேன்.

"தெரியாது."

"தெரியும்."

"சரி. யார்டுக்கு வண்டிய எடுத்துட்டுப் போறேன். ஆயில் மாத்துனேனா இல்லியான்னு சொல்ல மாட்டேன். ஒருநாள் ஓட்டிப் பாத்து நீயே சொல்லு. சரியா சொன்னா எஞ்சின் மேல்மூடியத் தொறந்து பாக்கறேன். தப்பா சொன்னா அந்த டிக் டிக் கதைய இனிமே எங்கிட்ட எடுக்கக் கூடாது."

நான் ஒப்புக்கொண்டேன்.

அவர் வண்டியை எடுத்துப் போனது ஆயுத பூஜை அன்று. யார்டில் லோரிகளை வரிசையாகக் கழுவி நிறுத்தி, முகப்பில் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அந்த வரிசையின் கடைசியில் என் சின்ன வண்டியையும் நிறுத்திப் பூஜை போட்டுக் கொண்டுவந்தார். கழுவிய கழுவலில் கண்ணாடியே இல்லாதது போல இருந்தது. மறுநாள் காலை கிழவி வாளியைக் கீழே வைத்துவிட்டு என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். நானும் அந்தப் பளபளப்பில் மயங்கித்தான் ஏறி உட்கார்ந்தேன். சத்தத்தைக் கவனிக்கவே இல்லை.

அன்று கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு பயணி கிடைத்தார். ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான ஜாம். ஆனால் எனக்கு அலுப்பே தட்டவில்லை. வண்டி சும்மா வழுக்கிக்கொண்டு போனது. சாம்பிராணி வாசனை இன்னும் உள்ளே இருந்தது. பின்னால் இருந்த பெண், "அக்கா, வண்டி புதுசா?" என்று வேறு கேட்டுவிட்டாள். அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே, "மாத்திட்டீங்க! சத்தியமா மாத்திட்டீங்க!" என்று கத்தினேன்.

அவர் போய்ப் பானெட்டைத் தூக்கினார். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவி, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து என் முன்னால் நீட்டினார். துணியில் தார் பூசிய மாதிரி ஒரு கோடு.

"கழுவுனேன், சந்தனம் வச்சேன், சூடம் காட்டுனேன். டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, அடிச்சேன். ஒரு சொட்டு ஆயில்கூட மாத்தல."

அதோடு விட்டாரா? யார்டில் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது, லோரிக்கு அடியில் படுத்திருந்த ஒருவர் தலையை நீட்டி, "அக்கா, எலுமிச்சம்பழ ஆயில் எப்படி ஓடுது?" என்று கேட்டார். மொத்த யார்டும் சிரித்தது. எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து யோசித்தேன். தோற்றது உண்மை. வண்டி மிருதுவாகப் போனது என்று நான் உணர்ந்ததெல்லாம் கழுவிய கண்ணாடியும் சாம்பிராணியும் டயர் காற்றும்தான். அதில் அவர் சொன்னது சரி, மறுக்க மாட்டேன். ஆனால் டிக் டிக் என் மனப்பிரமை இல்லை. கிழவி என் வண்டிக்குச் சந்தனம் வைக்கவில்லை, அவளுக்கு என் எஞ்சின்மேல் ஒரு பாசமும் கிடையாது. அவளுக்கும் கேட்கிறது. மிருது என்பதையும் சத்தம் என்பதையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் தப்பு. மிருதுவை அளக்க முடியாது. சத்தத்தை அளக்கலாம் அல்லவா?

வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்காமல் ஒன்பது நாள் இருந்தேன். என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம். அந்த ஒன்பது நாளும் காலையில் ஒரே மாதிரி நடந்துகொண்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி வாசல் கேட்டுக்குப் போவேன். முதலில் பூட்டு. பிறகு மேல் தாழ்ப்பாள். பிறகு குனிந்து கீழ்த் தாழ்ப்பாள், துருப்பிடித்தது, கொஞ்சம் ஆட்டித்தான் எடுக்க வேண்டும். ஒன்பது நாளும் இரண்டாவது தாழ்ப்பாள் கையில் வரும் வரைக்கும் டிக் டிக் கேட்டது. அதன்பிறகுதான் நின்றது. போன முறை எண்ணெய் மாற்றியபோது பூட்டைக்கூடத் தொடவில்லை, அதற்குள் நின்றிருந்தது என்பதும் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பத்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது சொன்னேன். "இன்னொரு தடவை வச்சுப் பாக்கலாம்."

"தோத்துட்டியே, அப்புறம் என்னா?"

"ஒரு வாரம். தினமும் சாயங்காலம் வண்டிய யார்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு வாங்க. ஏதோ ஒருநாள் மாத்துங்க. எந்த நாள்னு காலையில நான் சொல்றேன். ஓட்டாமலே சொல்றேன்."

ஓட்டாமலே என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, பூட்டு, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். "மாத்தல," என்றேன். புதன்கிழமை வண்டி பளபளவென்று நின்றது. முகப்பில் புதுச் சந்தனப் பொட்டு வேறு. திரும்பவும் என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார். சந்தனத்தைத் திரும்பியும் பார்க்காமல் கேட்டுக்குப் போனேன். "மாத்தல," என்றேன். வாசலில் காப்பியோடு நின்றவரின் சிரிப்பு குறைந்தது. வியாழனும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி நடந்தேன். சாவியைப் பூட்டில் வைக்கப் போகிறேன், பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பி அவரைப் பார்த்தேன்.

"நேத்து சாயங்காலம் மாத்திட்டீங்க."

அவர் காப்பியைப் படியில் வைத்துவிட்டு வந்து குச்சியை உருவினார். வெள்ளைத் துணியில் தேன் நிறம். குச்சியையும் துணியையும் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்படிச் சொன்ன? கேட் வரைக்கும்தானே போன?"

"சத்தத்த வச்சுதாங்க! நேத்து வரைக்கும் ரெண்டாவது தாழ்ப்பா தொறக்கற வரைக்கும் டிக் டிக்னு இருந்துச்சு. இன்னிக்கு பூட்டுல சாவி போடறதுக்குள்ள நின்னுடுச்சு."

"எந்த சத்தம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் நிரூபித்த பிறகும் கிண்டல். "நாளைக்குக் காலையில பானெட்டத் தூக்கி வச்சுட்டு அதுக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டு நில்லுங்க. அப்ப தெரியும் எந்த சத்தம்னு," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அன்று முழுக்க, பூச்சோங் போகும்போதும் வரும்போதும், ஜெயித்த சந்தோஷத்தைவிட அந்தக் கிண்டல்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை சொன்னபடி வந்து நின்றார். பானெட்டைத் தூக்கி, இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். எஞ்சினுக்கும் அவர் காதுக்கும் நடுவே ஒரு சாண் இருக்காது. நான் ஸ்டார்ட் செய்தேன். டிக், டிக், டிக். புது எண்ணெய் ஆதலால் சீக்கிரமே நின்றது. இறங்கி வந்தேன்.

"கேட்டுச்சா?"

அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். ஒரு கையை மட்டும் தூக்கி என்னைப் பேசாதே என்றார்.

"இரு, இன்னும் வரல. ஸ்டார்ட் பண்ணவுடனே வரும்னு சொன்னியே?"

வேலிக்கு அந்தப் பக்கம் கிழவி தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, "இத்து லா, பூஞி," என்றாள். அதுதான், அந்தச் சத்தம்.

அவர் கிழவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. நிஜமாகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குக் குக்கர் விசில் ஞாபகம் வந்தது. அடிப்பிடித்த பருப்பையும், அதற்காக நான் பேசிய பேச்சையும் நினைத்து வெட்கமாக இருந்தது. எத்தனை நாள் எவ்வளவு பேசியிருப்பேன். சோம்பேறி, அக்கறை இல்லாதவர், பெண்டாட்டி பேச்சென்றால் இளக்காரம் என்று மனதுக்குள் அவருக்கு எத்தனை பட்டம் கட்டியிருப்பேன்.

"அந்த அம்மாவுக்கும் கேக்குதா?" என்றார்.

"கேக்குதுங்க."

"எவ்ளோ நாளா?"

"மூணு மாசமா."

அவர் பானெட்டை மூடவில்லை. வந்து படியில் உட்கார்ந்து, கறையே இல்லாத கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் அணைத்தேன்.

"யார்டுலயும் பசங்க வந்து, அண்ணே இந்த லோரில ஏதோ சின்னதா சத்தம் வருதுங்கறானுங்க. சும்மா வேலைக்கு டிமிக்கி கொடுக்கறானுங்கன்னு அதட்டி அனுப்பிடறேன்." துணியை நாலாக மடித்துப் படியில் வைத்துவிட்டு, "இத வச்சுதானே நான் பொழைக்கறேன்," என்றார். இது என்று காதைத் தொட்டுக் காட்டவில்லை. எனக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியும்.

முப்பது வருடம் அந்தப் பெரிய எஞ்சின்களுக்கு நடுவே, காதில் ஒரு பஞ்சுகூட வைக்காமல் நின்ற மனிதர். நாங்கள் பேசுவது கேட்கிறது, லோரி உறுமுவது கேட்கிறது. மெல்லிய சத்தங்களும் விசில் மாதிரிக் கூர்மையான சத்தங்களும் மட்டும் ஒவ்வொன்றாகப் போயிருக்கின்றன, அவருக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கு இது நேரமில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருந்த எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். பந்தயத்தில் நான் ஜெயித்திருந்தேன் அல்லவா, சொன்ன சொல் தவற மாட்டார். தாள் கனத்தில் இருக்கும் ஓர் எஃகுத் தகட்டை ஒவ்வொரு வால்வின் இடைவெளியிலும் விட்டுப் பார்த்தார். இதற்குக் காது தேவையில்லை, விரல் போதும். மூன்றாவதற்கு வந்ததும் விரல் நின்றது. "இதான். லூசா இருக்கு," என்றார். "இப்படியே உட்டிருந்தா, கொஞ்ச நாள்ல இந்த எடமே தேஞ்சு போயிருக்கும். புது ஆயில் ஊத்துனா சீக்கிரம் மேல ஏறி சத்தத்த மூடிடும். கோளாறு போவாது." அப்படியென்றால் எண்ணெய் விஷயத்தில் நாங்கள் இரண்டு பேருமே பாதி பாதி சரி. அன்றைக்கு அதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனசு வரவில்லை.

முடுக்கி, மூடியைப் போட்டு இறுக்கிவிட்டு, பானெட்டுக்கு முன்னால் நின்றார். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்தார்.

"இப்ப?"

கண்ணை மூடிக் கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எஞ்சின் சீராக ஓடியது. வேறெதுவும் இல்லை.

"இல்லைங்க. சுத்தமா நின்னுடுச்சு."

குச்சியை உருவித் துணியில் துடைத்துக் காட்டினால்தான் எதையும் நம்புகிற மனிதர். கிழவி பக்கம்கூடத் திரும்பவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் பானெட்டை மூடினார்.

நான் இறங்கினேன். ராத்திரியே முடிவு செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை நான் ஓட்டப் போகல. காது டாக்டர்கிட்ட போறோம். நீங்களும் லீவு போடுங்க."

ஸ்பானர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "கேக்கல," என்றார்.

நிஜமாகக் கேட்கவில்லையா, தப்பிக்கப் பார்க்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பேன். சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, கிழவிக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.

பெட்டியை மூடினார். "கேட்டுச்சு," என்றார்.